கல்முனையிலிருந்து நெடுந்தீவுக்கு: கடைசிப் படகிலிருந்து தொடங்கும் ஒரு பயணத் திட்டம்

"நெடுந்தீவுக்கு எப்படிப் போவது?" என்று எங்கள் பக்கத்தில் கேட்கும் ஆட்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். குதிரைகளின் படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பாதி. போர்க்காலம் முழுவதும் செய்தியில் மட்டும் கேள்விப்பட்ட இடத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மீதி. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும் எனது பதில் ஒன்றுதான்: கல்முனையிலிருந்து தொடங்கித் திட்டம் போடாதீர்கள். நெடுந்தீவிலிருந்து பிற்பகலில் திரும்பும் படகிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

கணக்கு இதுதான். தீவுக்குள் சுற்றிப் பார்க்கக் குறைந்தது மூன்று, நான்கு மணித்தியாலம் தேவை. மக்கள் படகுகள் காலையில் குறிகட்டுவானிலிருந்து புறப்பட்டு, பிற்பகலில் தீவிலிருந்து திரும்புகின்றன. ஒரு வழிப் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஆகவே காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் போய்விட்டது. காலை எட்டு மணிக்கு முன்னர் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க வேண்டுமென்றால், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ்ஸை விடியற்காலையிலேயே பிடிக்க வேண்டும். அதற்கு முதல்நாள் இரவு யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்க வேண்டும். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, அப்படியே குறிகட்டுவானுக்கு ஓடலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வரும் பஸ் வழியில் ஒரு மணித்தியாலம் சுணங்கினாலே அந்தத் திட்டம் கவிழ்ந்துவிடும். உம்மா வாப்பாவை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

எந்தக் கிழமை என்பது அடுத்த கேள்வி. வெள்ளிக்கிழமை படகில் இருந்தால் ஜும்ஆ தவறும். பயணிக்குச் சலுகை உண்டு என்றாலும் நம்மவர்களுக்கு மனம் ஒப்பாது. சனி, ஞாயிறு, போயா தினங்களில் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்களால் குறிகட்டுவான் நிரம்பி வழியும். நாகபூஷணி அம்மன் கோயிலுக்குத் தமிழரும், நாகவிகாரைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சிங்கள மக்களும் வருவார்கள். நயினாதீவுப் படகு வேறு, நெடுந்தீவுப் படகு வேறு. ஆனாலும் இறங்குதுறை ஒன்று, பஸ்ஸும் ஒன்று. திங்கள் காலையில் தீவில் வேலை செய்யும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் கடமைக்குத் திரும்புவார்கள். எனவே நான் சொல்லும் ஒழுங்கு இப்படி: ஞாயிறு இரவு கல்முனையில் ஏறுங்கள். திங்கள் யாழ்ப்பாணத்தில் ஓய்வு. செவ்வாய் நெடுந்தீவு. புதன் கையிருப்பு நாள். புதன் இரவு பஸ் ஏறினால் வியாழன் காலை வீட்டில் இருக்கலாம், வெள்ளி ஜும்ஆ சொந்தப் பள்ளிவாசலில்.

அந்தக் கையிருப்பு நாளைக் காசு மிச்சம் பிடிப்பதற்காக வெட்டிவிடுகிறார்கள். அதை வெட்டக்கூடாது என்பதற்குக் காரணம் காற்று.

நம் கரையோரத்து ஆட்களுக்குக் கடல் தெரியும். ஆனால் நமக்குத் தெரிந்த நாட்காட்டி அங்கே தலைகீழாக இருக்கிறது. கல்முனையில் வாடைக் காலமாகிய நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், தோணி கரையேறும். கச்சான் வீசும் மே, ஜூன், ஜூலையில் வெயில் கொளுத்தினாலும் கடல் பெரும்பாலும் படிந்துதான் கிடக்கும். யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று சொல்வது அந்தத் தென்மேற்குக் காற்றைத்தான். நமக்கு அது தரைக்காற்று. நெடுந்தீவுக்கோ அது நேரே கடலிலிருந்து வருகிறது. மற்றத் தீவுகளெல்லாம் குடாநாட்டோடு ஒட்டி ஒன்றுக்கொன்று மறைவாக இருக்க, நெடுந்தீவு மட்டும் பாக்கு நீரிணையில் தனியே தள்ளி நிற்கிறது. கடலும் ஆழம் குறைவு. ஆழம் குறைந்த கடலில் காற்று விழுந்தால் அலை நீளமாக எழாது. குட்டையாக, அடுத்தடுத்து, குத்துக் குத்தாக வரும். பெரிய அலையைக் கண்டு பயப்படாத மருதமுனைக் கடற்றொழிலாளிக்கும் அந்தக் குத்தலில் வயிற்றைப் பிரட்டும். ஆகவே நம்மூரில் கடல் நல்லாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஜூலையில் கிளம்புவது சரியல்ல. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் தாழமுக்கமும்.

ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையான காலம்தான் மிச்சம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறை தனியாக வருகிறது. இந்தச் சில ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச் மாதத்தை ஒட்டி விழுவதால், பெருநாள் முடிந்த கையோடு கிளம்பினால் கடலும் படிந்திருக்கும், மற்றப் பாடசாலைகள் நடக்கும் காலமென்பதால் கூட்டமும் குறைவு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வரும். கச்சதீவு நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்துக்குள் இருப்பது, அதற்கான படகுகளும் குறிகட்டுவானிலிருந்துதான் போகின்றன. அந்த இரண்டு மூன்று நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தூரத்துத் தீவுக்குப் போகிறவனுக்கு இந்தக் கையிருப்பு நாள் உலகம் முழுவதும் உள்ள விதி. கிரேக்க நாட்டில் கிரேத்தா தீவுக்கும் தெற்கே காவ்தோஸ் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது, ஐரோப்பாவின் தென்கோடி அதுதான். அங்கே போகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படுவது, திரும்பும் விமானத்துக்கு முதல்நாள் தீவில் இருக்காதே என்பது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரி கப்பலைத் தடுத்துவிடுவார். கப்டனும் பயணிகளும் சண்டை பிடித்துப் பயனில்லை. இலாபம் வராத இப்படிப்பட்ட வழித்தடங்களுக்கு "மலட்டுத் தடம்" என்று அங்கே பெயர். கம்பனிகள் விரும்பிப் போகாத அந்தத் தடங்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்துக் கப்பல் ஓடவைக்கிறது, சுற்றுலாக்காரர் ஒருவரும் வராத மாரி காலத்திலும்.

கல்முனையிலிருந்து யாழ்ப்பாணம் வரை

ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மாகோ போய் மாறி யாழ்ப்பாணம் போகலாம், ஆனால் அது சுற்று. பஸ்தான் வசதி. மட்டக்களப்பு தாண்டியபின் பொலன்னறுவை, ஹபரணை பக்கமாகப் போகும் பாதை ஒன்று. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா, திருகோணமலை வழியாகப் போய் ஹொரவப்பொத்தானையால் வவுனியாவில் ஏறும் பாதை இன்னொன்று. சொந்த வாகனத்தில் போகிறவர்கள் ஒருமுறை இரண்டாவது பாதையால் போய்ப் பாருங்கள்.

கிழக்கில் நாங்கள் "பாதை" என்றால் தெருவை மட்டும் சொல்வதில்லை. ஆற்றைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். குருமண்வெளி - மண்டூர் பாதை, குருக்கள்மடம் - அம்பிளாந்துறை பாதை என்று இன்றைக்கும் சொல்கிறோம். திருகோணமலை வீதியில் ஒரு காலத்தில் வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று அடுக்கடுக்காக இந்தப் பாதைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும். பாலங்கள் வந்தது போருக்குப் பிறகுதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, 396 மீற்றர். அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் தற்காலிகமாக ஓடிய இழுவைப் படகு 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் மௌத்தானார்கள். படகில் ஏறும்போது உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. "மற்றவங்க போடல்லயே" என்று வெட்கப்பட வேண்டாம். படகு நிறைந்துவிட்டது என்று தெரிந்தால் ஏறாதீர்கள், அடுத்ததற்கு நில்லுங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கையிருப்பு நாள்.

இந்தப் பயணத்தில் நினைவுகளும் பஸ்ஸோடு வரும், அவற்றை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. கல்முனையிலிருந்து புறப்பட்டு முக்கால் மணித்தியாலத்துக்குள் குருக்கள்மடம் வந்துவிடும். 1990 ஜூலையில் அந்த வீதியால் பயணம் செய்த முஸ்லிம்கள் அங்கே மறித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். அதே ஓகஸ்டில் நமது பக்கத்தில், வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஏ9 வீதி மூடியும் திறந்தும் கிடந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் சாதாரண மக்களுக்கு ஒழுங்காகத் திறந்தது. கல்முனையில் இரவு ஏறி யாழ்ப்பாணத்தில் காலையில் இறங்குவது என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சும்மா ஒரு பஸ் பயணம். எனக்கு இன்னும் அப்படி ஆகவில்லை.

யாழ்ப்பாணத்தில் தங்கும் நாளில் சோனகத்தெருவுக்கும் ஐந்து சந்திக்கும் போங்கள். ஹலால் சாப்பாடு, தொழுகை, இரண்டுக்கும் அதுதான் இடம். திரும்பி வந்து குடியேறியவர்களோடு கதைக்கலாம். எல்லோரும் திரும்பவில்லை, பூட்டிய வீடுகளும் வெறும் வளவுகளும் அங்கே கண்ணில் படும். மறுநாள் படகு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். படகு திருத்த வேலைக்குப் போனால் நேரம் மாறும், எண்ணிக்கையும் குறையும். இணையத்தில் கிடக்கும் பழைய நேர அட்டவணையை நம்பிப் போகாதீர்கள்.

குறிகட்டுவானும் குமுதினியும்

776 பஸ் பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவில் ஏறி, அங்கிருந்து நீண்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போய், அதன் மறுமுனையில் குறிகட்டுவானில் நிற்கும். ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். இடது பக்கமும் வலது பக்கமும் கடல். பகலில் போனால் அந்தத் தாம்போதிக்காகவே பஸ்ஸில் போகலாம்.

அடையாள அட்டை கையில் இருக்கட்டும். குடிநீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீவில் நல்ல தண்ணீர் பொக்கிஷம்.

படகுகளில் பழையதும் பேர்போனதும் குமுதினி. குமுதினியைப் பற்றித் தெரியாமல் அந்தக் கடலைக் கடக்கக்கூடாது என்பது எனது எண்ணம். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்துகொண்டிருந்த குமுதினியைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்தார்கள். படகில் இருந்தவர்கள் உத்தியோகத்தர்கள், பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள். துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். குறைந்தது 23 பேர்; ஊரவர்கள் சொல்லும் எண்ணிக்கை அதைவிட அதிகம். கைக்குழந்தையும் அதில் அடக்கம். தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆண்டுதோறும் மே 15இல் அங்கே கூடுகிறார்கள். அந்தப் படகு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே மக்களை ஏற்றிக்கொண்டு அதே கடலில் ஓடியது. வேறு படகு இல்லை. இரத்தம் கழுவிய படகில் மறுபடி ஏறிப் பட்டினத்துக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2017இல் நெடுந்தாரகை என்ற புதிய படகு சேவைக்கு வந்தபோது தீவு எப்படி மகிழ்ந்திருக்கும் என்பதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் போனபோது எங்களோடு வந்த ராத்தா ஒருவர் இறங்குதுறையிலேயே நின்றுவிட்டார். சாய்ந்தமருதில் 2004 டிசம்பர் 26இல் அவருடைய வீடும் இரண்டு பிள்ளைகளும் போனது எங்களுக்கெல்லாம் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்றைக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மூர்ப் பெண்களில் பலர் அதற்குப் பிறகு கடற்கரைக்கே போனதில்லை.

"எனக்கு ஏலா. நீங்க பெய்த்து வாங்க, நான் இதில இரிக்கன்" என்றார்.

படகுக்குக் காத்திருந்த நெடுந்தீவு அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வந்து கையைப் பிடித்தார். "உள்ளுக்க போய் இராதேங்கோ பிள்ளை, கீழ இருந்தால்தான் பிரட்டும். என்னோட வெளியில இருங்கோ, காத்துப் படும். கரையைப் பாத்துக்கொண்டு வாங்கோ." அவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்து, இரவு உறவினர் வீட்டில் தங்கி, காலையில் திரும்பிக்கொண்டிருந்தார். மாதா மாதம் அதுதான். "எங்களுக்கு இது றோட்டுப் பிள்ளை" என்றார். ராத்தா ஏறினார். வழி முழுவதும் அந்த அம்மாவின் கையை விடவில்லை.

அந்த அம்மா சொன்னதைத் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவில் வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் கடுமையான நோயாளியைக் கடல் கடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். இரவில் அவசரமென்றால் கடற்படைப் படகைக் கேட்டு நிற்பார்கள். ஏறக்குறைய நாலாயிரம் பேருக்கு அரிசி, காஸ், சீமெந்து, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இந்தக் கடல்வழியால்தான். ஐம்பது பேர் கொண்ட சுற்றுலாக் குழு ஒன்று முன்னறிவித்தல் இல்லாமல் மக்கள் படகில் ஏறினால், அன்றைக்குத் தீவு மக்களில் ஐம்பது பேருக்கு இடம் நெருக்கடி. எனவே பதினைந்து பேருக்கு மேல் போகிறவர்கள் தனியார் படகை வாடகைக்குப் பேசுங்கள். செலவு கூடும்தான். பங்கு போட்டால் தாங்கும். சிறு குடும்பமாகப் போகிறவர்கள் மக்கள் படகில் போகலாம், வயதானவர்களும் நோயாளிகளும் இருந்த பிறகு இருங்கள்.

தீவுக்குள்

மாவிலித்துறையில் இறங்கியதும் முச்சக்கரவண்டியும் சிறு லொறியும் நிற்கும். துவிச்சக்கரவண்டியும் வாடகைக்கு எடுக்கலாம். வாடகையை ஏறுவதற்கு முன் பேசி, திரும்பும் படகின் நேரத்தைச் சாரதிக்குச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும்.

ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் தீவு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகள் ஒவ்வொன்றுக்கும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். வேலணை லைடன், காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். மற்றதெல்லாம் மறைந்துபோக, டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் நிற்கிறது. வைத்தியசாலைக்கு அருகே பவளக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடு இருக்கிறது. தபால் புறாக்கள் வளர்த்த கூடு, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரம், வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடம், தெற்கு முனையில் குவிந்தா கோபுரம் என்பவையெல்லாம் சாரதி தானாகவே காட்டுவார். எனக்குப் பிடித்தது வேலிகள்தான். சீமெந்து இல்லாமல், பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளவு வளவாகக் கட்டியிருக்கிறார்கள். காற்று இடுக்குகளால் ஊடுருவிப் போகும், வேலி விழாது. கோட்டையைவிட அது நின்று பார்க்க வேண்டியது.

குதிரைகள் மேய்வது மரமில்லாத வெளிகளில். வெள்ளைக்காரர் காலத்தில் வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டவற்றின் வாரிசுகள். கிட்டப் போகாதீர்கள், சாப்பாடு போடாதீர்கள். வரட்சியில் தண்ணீரில்லாமல் அவை செத்துப்போன ஆண்டுகளும் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு மீனும் சோறும் கிடைக்கும், ஆனால் காலையிலேயே எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போய் நின்றால் பட்டினிதான். ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்வது பயணிக்கு இலகு. பாய் ஒன்றை எடுத்துப் போங்கள், நிழலுக்குக் குறைவில்லை.

திரும்பும் படகுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக மாவிலித்துறைக்கு வந்துவிடுங்கள். குறிகட்டுவானில் இறங்கியதும் யாழ்ப்பாணம் போகும் பஸ் நிற்கும். நேரம் இருந்தால் வழியில் வேலணைத் தீவின் மண்கும்பானில் இறங்கலாம், கடலை ஒட்டி அங்கே ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. மஃரிபுக்கு முன் யாழ்ப்பாணம் போகும் இன்னொரு பஸ் வரும் என்பதை மட்டும் இறங்குவதற்கு முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.